அந்த ஒரு வாரத்து இதழ்

அத்தை மருத்துவமனை வேலையை விட்டு வெளியேறியது ஒரு வியாழக்கிழமை. காலை பதினொரு மணிக்குச் சீருடையைக் கழற்றி மடித்து, பெயர்ப்பட்டையை அதன்மேல் வைத்து, தலைமை நர்ஸின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது.

"கல்யாணமா?" என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

"இல்லை சிஸ்டர்."

"உடம்பு சரியில்லையா?"

"இல்லை சிஸ்டர். முடியலை, அவ்வளவுதான்."

"முடியலைன்னு நான் முப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், யார் கேக்கறா. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போ. நாலாவது மாடிக்கு வேற ஆள் இல்லை."

அத்தை இருக்கவில்லை. படியிறங்கி வந்தபோது கையில் இருந்த துணிப்பையில் ஏழு சினிமாப் பத்திரிகைகள் இருந்தன. ஏழும் ஒன்றே, அன்று காலை வெளிவந்த வார இதழ். அட்டையில் குதிரைமேல் ஒரு நடிகர். மருத்துவமனை வாசல் கடையில் தொங்கியது, அடுக்கியிருந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாங்கியிருந்தார். "வார்டுக்கா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினாராம்.

அவர் என் அப்பாவின் அக்கா. ஏன் வேலையை விட்டார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. "எங்கக்காவுக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம்" என்று அப்பா அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, கடைசிவரை அதையே எல்லாரிடமும் சொன்னார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியவந்தது நாற்பத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனாலும் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலாவது மாடியின் கோடி அறையில் ஒரு நடிகை இருந்தார். அந்தக் காலத்தில் அவர் முகம் இல்லாத காலண்டர் கிடையாது. சோப்பு உறையிலும் தீப்பெட்டியிலும்கூட அவர்தான் சிரிப்பார். தலையில் ஓர் அறுவை சிகிச்சை. அது நல்லபடியாக முடிந்தது, ஆனால் முகத்தின் இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. அந்தக் கண் மூடாது. உதட்டின் ஓரம் கீழே இறங்கி, குடிக்கும் தண்ணீர் பாதி கழுத்தில் வழியும். ஓராண்டில் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தத் தளத்தின் உதவியாளர் அத்தை. விரிப்பு மாற்றுவது, தரை துடைப்பது, ஜன்னல் திரையை விலக்குவது, மூடுவது, ஸ்பூனால் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவர் வேலை.

அத்தை சின்ன வயதிலிருந்தே சினிமாப் பைத்தியம். அந்த அறைக்குள் முதல் நாள் நுழைந்தபோது அவரையே பார்த்துக்கொண்டு வாளித் தண்ணீரைத் தரை முழுவதும் கொட்டிவிட்டார். "பரவாயில்லைம்மா, எப்படியும் தொடைக்கத்தானே வந்தே" என்றாராம் நடிகை, பாதி வாயால்.

நடிகை இறந்துவிட்டார், மறைக்கிறார்கள் என்று வெளியே ஒரு வதந்தி. மருத்துவமனை வாசலில் ஒரு வாரமாகக் கூட்டம் கலையவில்லை. கேன்டீனில் அத்தை தேநீர் குடிக்கும் மேசைக்கு எதிரே ஓர் இளைஞர் வந்து உட்கார ஆரம்பித்தார். பத்திரிகைக் கேமராக்காரர். அதை அவர் மறைக்கவும் இல்லை.

"நான் எதுவும் சொல்லக் கூடாது" என்று அத்தை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"சொல்ல வேண்டாங்க. வாசல்ல ஒரு பொண்ணு மூணு நாளா பட்டினியா உக்காந்திருக்கே, பார்த்தீங்களா? செத்துட்டாங்கன்னே முடிவு பண்ணிடுச்சு. உயிரோட இருக்காங்கன்னு ஒரு படம் வந்தாப் போதும். எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க."

"அவங்க இப்ப படம் எடுக்கிற மாதிரி இல்லை."

"மூஞ்சியே தெரிய வேண்டாம். ஜன்னல்ல ஒரு உருவம். கையைத் தூக்கினா அதுவே போதும்."

எதிரே ஒரு லாட்ஜின் மொட்டைமாடி இருந்தது. காலை ஒன்பதரைக்கு வெயில் அந்தப் பக்கத்து ஜன்னல்களில் நேராக விழும். வழக்கமாக ஒரு பக்கம் மட்டும் விலக்கும் திரையைத் திங்கட்கிழமை இரண்டு பக்கமும் விலக்கிக் கட்டிவைக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். ஏதோ கொடுக்கவும் வந்தார், அத்தை வாங்கவில்லை. "வாங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும். செஞ்சதுக்கு லஞ்சம்னு ஒரு பேராவது கெடச்சிருக்கும்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை அத்தை திரையை இரண்டு பக்கமும் கட்டினார். வியாழக்கிழமை படம் வந்தது. நிழலும் இல்லை, உருவமும் இல்லை. தொலைவிலிருப்பதை இழுத்துக் காட்டும் லென்ஸ். முழுப் பக்கத்துக்கு அந்த முகம்: மூடாத கண், இறங்கிய உதடு, கழுத்தில் வழியும் தண்ணீர். ஓரத்தில் ஸ்பூன் பிடித்த ஒரு கை, மணிக்கட்டில் கறுப்புப் பட்டைக் கடிகாரம். அது அத்தையின் கை. கீழே கொட்டை எழுத்தில், "இந்த முகத்தையா காதலித்தோம்?"

அடுத்த வாரமே நடிகையைப் பின்வாசல் வழியாக வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஓராண்டில் முகம் சரியாகிவிட்டது என்று பேச்சு. ஆனால் எந்தத் தயாரிப்பாளரும் கூப்பிடவில்லை. அவரும் எந்த மேடைக்கும் வரவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து மனம் உடைந்துதான் கதவைச் சாத்திக்கொண்டார் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. படத்தைப் போட்ட பத்திரிகையும் அதையே, சற்று வருத்தத்தோடு, எழுதியது. அத்தையும் அதை நம்பினார்.

பிறகு அத்தை சலவைக் கடை ஒன்றில் கவுண்ட்டர் வேலைக்குச் சேர்ந்தார். துணியை வாங்கி, எண் போட்ட துண்டைப் பொத்தான் காஜாவில் கோத்து, ரசீது எழுதிக் கொடுக்கும் வேலை. முப்பத்தெட்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். துவைக்கப் போடும் முன் சட்டைப் பைகளைத் துழாவுவார். கடிதம், சீட்டு, புகைப்படம் என்று எது வந்தாலும் பிரித்துப் பார்க்காமல் உறையில் போட்டு ஒட்டி, துணியோடு திருப்பித் தருவார். பக்கத்து மேசையில் இஸ்திரி போடுபவர் கெஞ்சுவாராம்: "ஒண்ணே ஒண்ணு பிரிச்சுப் படிங்கம்மா. டாக்டர் கோட்டுல மல்லிகை வாசனையோட ஒரு கடுதாசி வந்திருக்கு, மனசு அடிச்சுக்குது." அத்தை கோந்து தடவிக்கொண்டே, "உனக்கு வந்திருந்தா உனக்கும் இப்படித்தான் ஒட்டித் தருவேன்" என்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்கு மேலேயே இரண்டு அறைகள். சுவர் நெடுக மர அலமாரிகள், அவற்றில் ஆண்டுவாரியாகச் சினிமாப் பத்திரிகைகள். அறைக்குள் நுழைந்தால் பாச்சா உருண்டையும் பழைய காகிதமும் கலந்த வாசனை தொண்டையைப் பிடிக்கும்.

"அக்கா, இது வீடா, சலூனா? வந்து உக்காந்தா முடி வெட்டிவிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்பார் அப்பா.

"உனக்கு வெட்டறதுக்கு என்னடா இருக்கு?" என்பார் அத்தை.

அத்தை சினிமாவைச் சேகரிப்பதாக நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவர் தேடியது அந்த ஒரு வாரத்து இதழை மட்டும்தான். உலகத்தில் எத்தனை பிரதிகள் மிச்சம் இருந்தாலும் அவற்றை யார் கண்ணிலும் படாமல் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். எப்படிச் செய்வது? பழைய பேப்பர் கடையில் போய் "குதிரை அட்டை இருக்கா?" என்று கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். பிரித்துப் பார்ப்பார்கள். அதனால் அந்த ஆண்டின் கட்டு எங்கே வந்தாலும் முழுக் கட்டையும் வாங்குவார். சந்தேகம் வராதிருக்க முன்னும் பின்னும் பத்து ஆண்டுக் கட்டுகளையும் வாங்குவார். அப்படிச் சேர்ந்ததுதான் அலமாரிகளில் இருந்த அத்தனையும். குதிரை அட்டை மட்டும் அலமாரிக்குப் போகாது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டிக்குள் போய்விடும்.

பழைய பேப்பர்க்காரர் அவருக்கு வைத்த பெயர் புரொடியூசரம்மா.

"வாங்க புரொடியூசரம்மா. உங்களுக்குன்னே ஒரு மூட்டை எடுத்து வெச்சிருக்கேன். கரையான் படிச்சு முடிச்சது போக மீதி."

"முழுசா இருக்கா?"

"முழுசா இருக்கான்னா? நடுப்பக்கம் மட்டும் எவனோ கல்யாணமாகாதவன் கிழிச்சு வெச்சுக்கிட்டான். மத்ததெல்லாம் அப்படியே."

சின்ன வயதில் நானும் அவரோடு போயிருக்கிறேன். மூட்டையை அவர் அங்கே பிரிக்கவே மாட்டார். தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரிப்பார். பின்களில் துரு ஏறியிருந்தால் கழற்றிவிட்டு நூலால் தைப்பார். மூடிப்போன வாடகை நூலகங்களின் முத்திரை, யாரோ பென்சிலால் வரைந்த மீசை, விடை எழுதிய குறுக்கெழுத்து எதையும் அழிக்க மாட்டார். நான் அலமாரியின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து கேள்வி பதில் பகுதிகளாகப் படித்துத் தள்ளினேன். தகரப்பெட்டியில் பழைய போர்வை என்றார். நம்பினேன்.

எனக்கு இருபது வயதாக இருக்கும்போது வங்கிக்காரர் வந்தார். நிஜமாகவே வங்கியில் வேலை பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சேகரிப்பாளர். நாலைந்து ஊர்களில் அவரைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மாதம் ஒரு மடல் அச்சடித்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்வார்கள். வெள்ளைக் கையுறையோடு வந்து அலமாரிக்கு முன்னால் நின்றவரைப் பார்த்து இஸ்திரிக்காரர் என் காதில், "எதுவோ ஆபரேஷன் போல" என்றார்.

வங்கிக்காரர் மூன்று மணி நேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது, சாமி அறைக்குள் நிற்பவர் போல.

"அம்மா, இந்த வருஷத்துல அம்பத்திரண்டு வாரத்துல அம்பத்தொண்ணு இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் இல்லை. குதிரை அட்டை."

"அது எனக்குக் கெடைக்கவே இல்லை" என்றார் அத்தை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கே கிடைக்கவில்லையா என்று வங்கிக்காரர் இரண்டு தடவை கேட்டார். அடுத்த மாத மடலில் எழுதினார்: 'முப்பது ஆண்டுகளாகத் தேடியும் இந்த அம்மையாருக்கே அகப்படாத இதழ். இனி இதன் பிரதி இருப்பதாகவே தெரியவில்லை.' மடலின் ஒரு பிரதியை அத்தைக்கும் அனுப்பினார். அத்தை அதைப் படித்துவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினாராம். ஒன்றும் மிச்சமில்லை என்று அச்சிலேயே வந்துவிட்டது அல்லவா? கிடைக்காது என்று எழுதினால் சேகரிப்பாளர்கள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தார். இத்தனை ஆண்டு அந்த உலகத்துக்குள்ளேயே இருந்தும் அவருக்கு அதன் ஆசை மட்டும் தெரியவில்லை. அவரிடம் அது இருந்ததே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளில் நான் ஊரைவிட்டுப் போனேன். ஏழு ஆண்டுகள் எந்த நாட்டிலும் நில்லாமல் சுற்றினேன். ஓட்டல் வரவேற்பறையில் நின்றேன், குழந்தைகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்தேன், திராட்சை பறித்தேன். திரும்பி வந்ததற்குக் குறிப்பாகக் காரணம் இல்லை, போனதற்கும் இல்லாதது போலவே. வந்த மூன்றாம் நாள் மத்தியானம் அத்தையின் அறைக்குப் போனேன். அவருக்கு அறுபத்து மூன்று வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் முதலாளி அந்த அறைகளை அவருக்கே விட்டிருந்தார்.

"எலும்பும் தோலுமா வந்திருக்கே. அங்கெல்லாம் சோறே போட மாட்டாங்களா?"

"போட்டாங்க அத்தை. நான்தான் ஓடிக்கிட்டே இருந்தேன்."

"ஓடு ஓடு. உங்கப்பன் உக்காந்தே இருக்கான், கணக்கு சரியாப் போச்சு."

நான் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "உங்ககிட்ட இல்லாத ஒண்ணு கொண்டுவந்திருக்கேன். என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"என்கிட்ட இல்லாதது ஆயிரம் இருக்கு. குடு."

கொடுத்தேன். குதிரை அட்டை. மூலை மடங்காத, துரு ஏறாத, அருமையான பிரதி. அத்தை அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சந்தோஷம்தான் என்று நினைத்து, அது கிடைத்த கதையை உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தேன். தூரதேசம் ஒன்றின் சந்தையில் நம் மொழிப் புத்தகங்களை விற்கும் ஒரே கடை. மற்ற இதழ்கள் எல்லாம் தரையில் குவியலாகக் கிடக்க, இது மட்டும் கடைக்காரரின் தலைக்கு மேல் ஆணியில் தொங்கியது. 'ஒரு காலத்துல இதைச் சீந்துவாரே இல்லைம்மா. எங்கேயோ ஒரு அம்மா பழைய கட்டையெல்லாம் வருஷக்கணக்கா வாங்கி வாங்கிக் காலி பண்ணிட்டாங்களாம். அவங்ககிட்டயே இல்லைன்னு சங்கத்து மடல்ல வந்ததுல இருந்து, ஆளாளுக்குக் கேக்கறாங்க. ஒருத்தர் உள்ளே இருக்கிற படத்தை மட்டும் பெருசாக்கிப் போட்டு வித்தார், அது இன்னும் பிச்சுக்கிட்டுப் போச்சு' என்றார் அவர்.

"எந்தப் படம்?" என்றார் அத்தை.

"அதான் அத்தை, ஆஸ்பத்திரியில எடுத்தது. அங்கே ஒரு காபிக் கடையில சுவர் உயரத்துக்கு மாட்டியிருக்காங்க. எல்லாரும் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துக்கறாங்க. நானும் எடுத்தேன், இதோ பாருங்க."

போனை அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன். சுவரில் அந்த முகம். அதன் பக்கத்தில் நான், அங்கே எல்லாரும் செய்வது போல உதட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு கண்ணை அகல விரித்துக்கொண்டு.

அத்தை போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சுவரில் ஸ்பூனைப் பிடித்திருந்த கையும் அத்தனை பெரிதாக இருந்தது. பிறகு அதைத் திருப்பித் தந்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து தகரப்பெட்டியை இழுத்தார். கனத்தது. நானும் பிடித்தேன். உள்ளே போர்வை இல்லை. குதிரைமேல் நடிகர், குதிரைமேல் நடிகர், குதிரைமேல் நடிகர். மொத்தம் அறுபத்திரண்டு. நான் கொண்டுவந்ததை மேலே வைத்து அறுபத்து மூன்றாக்கினார்.

"தெரிஞ்சுக்கோ" என்று ஆரம்பித்து, மேலே நான் எழுதியிருப்பதை எல்லாம் அன்றைக்குச் சொன்னார். அழவில்லை. திரையை எந்த முடிச்சால் கட்டினார் என்பது வரைக்கும் சொன்னார். கீழே இஸ்திரிப் பெட்டி சீறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை காட்டிக்குடுத்தது போதாதுன்னு நாப்பது வருஷமா விளம்பரம் பண்ணியிருக்கேன். அவன் ஒரு வாரந்தான் வித்தான்" என்றார்.

போனிலிருந்த படத்தை அழித்தேன். "எரிச்சுடலாம் அத்தை. இப்பவே. நான் மொட்டைமாடிக்குத் தூக்கிட்டு வரேன்."

"எரிக்கணும்னா நான் என்னைக்கோ எரிச்சிருக்க மாட்டேனா? அது அவங்க முகம். கேக்காம எடுத்தான் ஒருத்தன். கேக்காம எரிக்கிறது நானா?"

"அப்ப கேளுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க உயிரோடதானே இருக்காங்க? எழுதுங்க. செஞ்சதைச் சொல்லுங்க. இத்தனை பிரதி இருக்கு, என்ன பண்ணட்டும்னு கேளுங்க. இதைத் தூக்கிக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் இருப்பீங்க?"

நான் அப்படித்தான். ஓரிடத்தில் எதுவும் தேங்கி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

அத்தை ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். ரசீது எழுதிப் பழகிய கை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, கொஞ்சம் பின்னால் சாய்ந்து நிற்கும். கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. எனக்குப் படிக்கக் கொடுத்தார். 'அன்று காலை உங்கள் ஜன்னல் திரையை இரண்டு பக்கமும் விலக்கிக் கட்டியவள் நான்' என்று தொடங்கியது. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. 'அந்தச் சொல்லைப் போட்டா அவங்க பதிலுக்கு ஏதாவது சொல்லியாகணும்' என்றார். கடைசி வரி: 'இவற்றை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.' அத்தையிடம் போன் இல்லாததால் கீழே என் எண்ணை எழுதினோம். முகவரியை வங்கிக்காரர் கொடுத்தார். பழைய ஆட்டோகிராஃப் கடிதம் ஒன்றின் உறையிலிருந்து எடுத்தது.

பிறகு காத்திருந்தோம். அத்தை பழைய பேப்பர் கடைக்குப் போவதை நிறுத்தினார். பேப்பர்க்காரர் ஒரு நாள் மாடியேறி வந்து, "என்ன புரொடியூசரம்மா, படம் எடுக்கறதை விட்டுட்டீங்களா?" என்றார். அத்தை சிரித்து, "ரிலீசுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். தபால்காரர் வரும் நேரத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். நான் போகும்போதெல்லாம் அவர் பார்வை முதலில் என் முகத்துக்கு வராது. கையிலிருக்கும் போனுக்குப் போகும். நான் தலையசைப்பேன். "சரி, சாப்பிட்டியா?" என்பார்.

இதற்கிடையில் நான் வேறு வேலை தேடி, அதை விட்டு, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை. கடிதத்தில் இருந்த எண் என்னுடையது.

பதினோராம் மாதம் அத்தைக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. அவர் வேலை பார்த்த அதே மருத்துவமனையில்தான் அப்பா சேர்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். இரண்டாம் மாடிப் பொது வார்டு. நான்காம் நாள் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"பெட்டி உனக்கு. பதில் வந்தா அவங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். உன் புத்தியைக் காட்டாதே."

"சரி அத்தை."

"வராமலே போகலாம். அது அவங்க இஷ்டம்."

மறுநாள் விடிந்ததும் போய்விட்டார். அப்பா அலமாரிகளை வங்கிக்காரரின் சங்கத்துக்குக் கொடுத்தார். ஏற்றிக்கொண்டு போக ஒரு லாரி வந்தது. வங்கிக்காரர் கையுறை இல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டாகத் தாமே சுமந்தார். குதிரை அட்டை மட்டும் கடைசிவரை அம்மாவுக்குக் கிடைக்காமலே போச்சே என்று என்னிடம் துக்கம் விசாரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தகரப்பெட்டியை ஆட்டோவில் வைத்து என் அறைக்குக் கொண்டுவந்தேன்.

அதன் பிறகு ஓராண்டும் நான்கு மாதமும் கழித்து, ஒரு புதன்கிழமை முற்பகல், தெரியாத எண்ணிலிருந்து போனில் இந்தச் செய்தி வந்தது:

"வணக்கம். உங்க அத்தை எங்க அம்மாவுக்கு எழுதின கடிதத்துக்குப் பதில் இது. தாமதத்துக்குத் தப்பா நினைக்காதீங்க. கடிதம் எங்க பழைய வீட்டுக்குப் போய் அங்கேயே கிடந்து, போன மாசந்தான் இங்கே வந்தது. அன்னிக்கு நான் வீட்டுல இல்லை. கையெழுத்துல வந்திருக்கேன்னு அம்மாவே பிரிச்சிட்டாங்க.

அம்மாவுக்கு அப்படி ஒரு படம் வந்ததே தெரியாது. அந்த வாரமே பெரியம்மா எல்லாப் பத்திரிகையையும் நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு அப்புறம் அப்பா, அப்புறம் நான். நாப்பத்துமூணு வருஷம் அவங்க கண்ணுல படாம பார்த்துக்கிட்டோம். முகம் சரியான பிறகும் ஏன் யாரும் கூப்பிடலைன்னு கேப்பாங்க. புதுசா ஆளுங்க வந்துட்டாங்கம்மான்னு சொல்வோம். எல்லாருக்கும் நடக்கறதுதானேன்னு சமாதானமா இருந்தாங்க.

உங்க அத்தை மேல எனக்குக் கோபம் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. அவங்க சொல்லச் சொன்னதை அப்படியே எழுதறேன்: 'எதையும் எரிக்க வேண்டாம். ஒண்ணு எனக்கு அனுப்பு. நான் பார்க்கணும். மீதியைப் பத்தி அப்புறம் சொல்றேன்.' வந்துடுச்சா, வந்துடுச்சான்னு தினமும் கேக்கறாங்க. ராத்திரி கண்ணாடி முன்னாடியே உக்காந்திருக்காங்க.

இனிமே எழுதறது நான் கேக்கறது. தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. எல்லாம் போயிடுச்சு, ஒண்ணும் மிச்சமில்லைன்னு உங்க அத்தையை ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்க. போன்ல சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க. அத்தை கையாலேயே எழுதணும். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில வெச்சிருக்காங்க. அத்தையோட கையெழுத்து அவங்களுக்கு இப்ப நல்லாத் தெரியும்."